குமரித் துறையில் மேய்ந்த அன்னம் எது?

புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலோடு பேசுகிறார். முழுநிலா எழும் மாலை. குமரியின் பெரிய துறையில் அயிரை மீனை உண்டுவிட்டு வடமலைக்குத் திரும்புகிறது அந்தப் பறவை. போகும் வழியில் சோழநாடு வரும். உறையூரில் கோப்பெருஞ்சோழனின் அரண்மனைக்குள் தயங்காமல் புகுந்து, பிசிர் ஊர் ஆந்தைக்கு வேண்டியவன் என்று சொன்னால் போதும், உன் பேடை அணிந்து மகிழ நல்ல அணிகலன் தருவான் என்கிறார் புலவர். பார்க்காமலே வளர்ந்த நட்பின் பாட்டு என்றுதான் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் இதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நாட்டின் தென்கோடியில் மேய்ந்து வடக்கே மலைக்குத் திரும்பும் பறவை ஒன்று உண்டு என்று இந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

அது எந்தப் பறவை? உ.வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்த பின் இந்தக் கேள்வி தமிழ் வாசகர்முன் வந்தது. வடமொழி அறிஞரும் கலை வரலாற்றாளரும் பறவையியலாளரும் ஹம்சம் என்ற பெயரில் இதையே தனித்தனியாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். விடைகள் பல. ஒவ்வொன்றும் அன்னத்தின் ஏதோ ஒரு பண்பை விளக்குகிறது, வேறொன்றில் இடறுகிறது. அந்த விடைகளின் தோற்றத்தையும் குறைகளையும் குமரித் துறையை மையமாக வைத்துப் பார்ப்பது இங்கே நோக்கம்.

பாடல்கள் சொல்வது

சங்கப் பாடல்களின் அன்னத்துக்குச் சிவந்த கால்கள், மென்மையான வெண்தூவி, இணைபிரியாத வாழ்வு ஆகியவை அடையாளங்கள். நடை மகளிர் நடைக்கு உவமையாகிறது. நெடுநல்வாடையில் அரசியின் படுக்கைக்கு அன்னத்தின் தூவி பயன்படுகிறது. இவற்றில் இயற்கைக்கு மாறானது எதுவும் இல்லை.

புறம் 67-க்கு இணையாக வைத்துப் படிக்க வேண்டியது நற்றிணை 356. பரணர் பாடியது. செங்கால் அன்னம் ஒன்று தெளிந்த கடற்பகுதியில் மேய்ந்து, இமயத்து உச்சியில் இருக்கும் தன் வளராத குஞ்சுகளுக்கு இரை கொண்டு போகிறது. ஓயாமல் பறந்து களைத்த அதன் வருத்தம் தலைவனின் உள்ளத்துக்கு உவமை ஆகிறது. இரை தேடுவது தெற்கே கடலோரத்தில், குஞ்சுகள் இருப்பது வடக்கே உயர்மலையில் என்ற பிரிப்பு இந்தப் பாட்டில் தெளிவாக இருக்கிறது. வலசைப் பறவை பற்றிய அடிப்படைச் செய்தியே அதுதான்.

பாட்டில் பிழையும் உண்டு. வாத்தினப் பறவைகளின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்த ஓரிரு நாளிலேயே தாமே மேயத் தொடங்கிவிடும். தாய் இரை கொண்டுவந்து ஊட்டுவதில்லை. நாரைகளும் கொக்குகளும்தான் ஊட்டும். கூடு கட்டும் இடத்தைப் பார்க்காத ஒருவர், உள்ளூரில் தாம் கண்ட பறவைகளின் வழக்கத்தைத் தொலைவில் உள்ள குஞ்சுகளுக்கும் ஏற்றியிருக்கலாம். எதைக் கண்ணால் கண்டார்கள், எதை உய்த்துணர்ந்தார்கள் என்ற எல்லையை இந்தப் பிழைதான் நமக்குக் காட்டுகிறது. அதனால் இதை முக்கியமான சான்றாகக் கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

பால் பிரிக்கும் பறவை

அன்னம் என்றதும் இன்று பலருக்கு நினைவு வருவது பாலையும் நீரையும் பிரிக்கும் திறமை. அப்படி ஒரு பறவை இயற்கையில் இல்லை, ஆகவே அன்னம் முழுக்கக் கற்பனை என்பது ஒரு தரப்பு. அப்படி ஒரு பறவை இருந்து அழிந்துவிட்டது என்பது பேச்சு வழக்கில் வலுவாக உள்ள இன்னொரு தரப்பு. இரண்டும் அந்தத் திறமையை அன்னத்தின் முதல் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

சங்கத் தொகை நூல்களின் அன்னப் பாடல்கள் இந்தத் திறமையை முன்னிறுத்துவதில்லை. பிற்பட்ட நாலடியாரில், கற்கத் தக்கதைத் தெரிந்து கற்பதற்கு இது உவமையாக வருகிறது. அங்கும் பறவையின் பெயர் குருகு. நல்ல மாணாக்கருக்கு அன்னத்தை உவமையாக்கும் நன்னூல் 13-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. வடமொழியிலும் இதே கலப்பு இருக்கிறது. யஜுர் வேத மந்திரங்களில் நீரிலிருந்து பாலைப் பிரித்துக் குடிப்பது கிரௌஞ்சம், சோமத்தைப் பிரித்துக் குடிப்பது ஹம்சம். பிற்காலக் காவியங்களில் பால் முழுவதும் ஹம்சத்துக்குப் போய்விட்டது. ஒரு பறவையின் பெருமை இன்னொன்றுக்கு மாறியதை நூல்களிலேயே பின்தொடர முடிகிறது.

இந்த நம்பிக்கைக்கு இயற்கை விளக்கம் தேடியவர்களில் அமெரிக்க வடமொழி அறிஞர் சார்லஸ் லான்மன் குறிப்பிடத்தக்கவர். 1898-ல் எழுதிய கட்டுரையில், தாமரைத் தண்டை ஒடித்தால் கசியும் பால் போன்ற சாற்றோடு அவர் இதைத் தொடர்புபடுத்தினார். நீருக்குள் அலகை விட்டுத் தண்டைத் தின்னும் பறவை அந்தச் சாற்றைப் பிரித்து எடுப்பதாகத் தோன்றியிருக்கும் என்பது கருத்து. நயமான விளக்கம். ஆனால் வேத மந்திரத்துக்கு வேள்விச் சடங்கின் பின்னணி இருக்கிறது, குளக்கரைக் காட்சி ஒன்றைக் கொண்டு அதை முழுதும் விளக்கிவிட முடியாது. எப்படியாயினும் குமரித் துறை அன்னத்தைத் தேடுவோர் பாலையும் நீரையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குவதே சரி. பிசிராந்தையாரின் அன்னம் உண்டது மீன்.

ஸ்வான் வந்த வழி

பாடநூல் படங்களிலும் நாள்காட்டிகளிலும் அன்னம் என்று வரையப்படுவது ஐரோப்பிய ஏரிகளின் ஸ்வான். நீண்டு வளைந்த கழுத்து, முழு வெள்ளை உடல். இந்தப் பறவை இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்குப் பகுதிக்குக் கடுங்குளிர்காலத்தில் மிக அரிதாக வழிதவறி வந்ததாகவே பதிவுகள் உள்ளன. தென்னிந்தியாவுக்கு அது இயற்கையாக வருவதில்லை. ஆகவே சங்கப் புலவர் பார்த்த அன்னம் இதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பிறகு எப்படி இது நிலைபெற்றது? 18, 19-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பங்கு உண்டு. ஆங்கில வாசகருக்கு வாத்து அசட்டுத்தனத்தின் சின்னம். காதலுக்கும் ஞானத்துக்கும் உரிய ஹம்சத்தை அந்தப் பெயரால் அழைக்கத் தயங்கிய மொழிபெயர்ப்பாளர்கள் ஸ்வானைத் தேர்ந்தார்கள். டச்சு அறிஞர் ழான் பிலிப் வோகல் 1962-ல் வெளிவந்த தம் நூலில் இதை விரிவாகக் காட்டினார்.

நாஞ்சில் நாட்டுக்கு இதில் இன்னொரு வழியும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. திருவிதாங்கூர் அரசவையோடு நெருங்கியிருந்த ரவி வர்மா 1899-ல் வரைந்த ‘ஹம்ச தமயந்தி’ ஓவியத்தில் தமயந்திக்கு எதிரே நிற்பது அசல் ஐரோப்பிய ஸ்வான். 1894-ல் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த வண்ணப் படங்கள் வீட்டுச் சுவர்களை நிறைத்தன. நளன் கதையை வெண்பாவில் கேட்டு அறிந்திருந்த ஒரு சமூகம், அதன் பறவையை முதன்முதலாக இத்தகைய வண்ணப் படங்களில்தான் ‘பார்த்திருக்கும்’. நம் கண்ணில் பதிந்த அன்னத்துக்கு மொழிபெயர்ப்புகளைவிட இந்தப் படங்களே பெரிய காரணம் என்று கருத இடமிருக்கிறது.

அதற்கு முந்தைய சிற்ப அன்னம் வேறு. குத்துவிளக்கின் உச்சியில் அமர்வது, கோவில் தூண்களில் வரிசையாகச் செல்வது, வடசேரிக் கைவினைஞர்களின் கோவில் நகைகளில் பதிக்கப்படுவது ஆகியவற்றின் உடல் வாத்தின் உடல். வால் மட்டும் மயில் தோகையும் கொடிக்கருக்கும் கலந்தது. சிற்பியின் கை அலங்காரத்தை நாடியது, பறவையின் அடிப்படை வடிவம் குட்டைக் கழுத்து வாத்தாகவே எஞ்சியது.

வரித்தலை வாத்து

வோகல் முன்வைத்த விடை வரித்தலை வாத்து. வெளிர்சாம்பல் உடல், வெண்தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், ஆரஞ்சு மஞ்சள் அலகும் கால்களும். திபெத், மங்கோலியா முதலிய உயர்நிலத்து ஏரிக்கரைகளில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருகிறது. மானசரோவர் ஏரிக்கு ஹம்சங்கள் போகின்றன என்ற வடமொழி மரபுக்கு இதைவிடப் பொருந்தும் பறவை கிடைப்பது கடினம்.

தமிழ்ப் பாடல்களுக்கும் இது பெருமளவு பொருந்துகிறது. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்துக்கு, 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊருக்கு, வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வருகின்றன. குமரிமுனையிலிருந்து அது அதிகத் தொலைவில் இல்லை. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டி விடப்பட்டவை கர்நாடக ஏரிகளில் காணப்பட்டிருக்கின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஆய்வில் ஒரு பறவை 7,290 மீட்டர் உயரம்வரை பறந்தது பதிவானது. இமயத்தைக் கடக்கும் பறத்தல் பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் நடக்கிறது என்று 2011-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பிசிராந்தையாரின் அன்னம் நிலா எழும் மாலையில் புறப்படுவதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் மாலையும் நிலவும் பிரிவுத் துயரின் கவிதை மரபில் ஊறியவை. இதைச் சான்றாக நிறுத்துவது அவசரம், பொருத்தம் என்று குறிப்பதோடு நிற்கலாம்.

இந்த விடையின் பெரிய குறை இரை. வரித்தலை வாத்து புல்லும் பயிரும் தானியமும் மேய்வது. அயிரை மீனை உண்டது என்று பாட்டு சொல்வது அதற்கு ஒத்துவரவில்லை. நிறமும் முழு வெள்ளை இல்லை. கடலில் மேய்ந்தது என்ற நற்றிணைச் செய்தியும் இடறுகிறது. ஆழமில்லா நீரில் தலை தாழ்த்தி எதையோ கொறிக்கும் பறவையைத் தூரத்தில் பார்ப்பவர் அது மீன் தின்கிறது என்று எண்ணக்கூடும் என்பார்கள் இந்த விடையை ஏற்பவர்கள். இருக்கலாம். ஆனால் ஒரே பாட்டில் வலசையை நுட்பமான கவனிப்பு என்றும் இரையைக் கவனக்குறைவு என்றும் கொள்வது நமக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்வதாகிவிடும்.

பூநாரையும் மற்றவையும்

கடலோரமும் சிவந்த கால்களும் வெண்மையும் ஒன்றுசேரும் பறவை பூநாரை. மணக்குடிக் காயலும் புத்தளம் உப்பளங்களும் அது நாடும் வகை நீர்நிலைகள். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை அரித்து உணவை மட்டும் வைத்துக்கொண்டு நீரை வெளியேற்றும் அதன் உண்ணும் முறையே பால்–நீர் நம்பிக்கைக்கு வித்து என்றும் சிலர் கூறுவர். கண்ணுக்கு நிறைவான ஊகம்தான். ஆனால் பூநாரை இனப்பெருக்கம் செய்யும் பெரிய இடம் கட்ச் ரண் உவர்நிலம். இமயத்து உச்சி அதன் கதையில் இல்லை. மிக நீண்ட கால்களும் கழுத்தும் கொண்ட பறவையைச் சொல்லும்போது அவற்றைப் புலவர்கள் பாடாமல் விட்டிருப்பார்களா என்பதும் கேள்வி.

நாரைகளையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். சத்திமுத்தப் புலவரின் புகழ்பெற்ற பாட்டிலும் குமரியில் நீராடி வடக்கே திரும்பும் பறவை வருகிறது. பிளந்த பனங்கிழங்கை ஒத்த அலகு, சிவந்த கால், கூடவே பேடை. ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் இனப்பெருக்கம் செய்து குளிர்காலத்தில் இந்தியா வரும் வெண்நாரையை இந்த வருணனை அப்படியே படம் பிடிக்கிறது. மஞ்சள் மூக்கு நாரை உள்ளூரிலேயே கூடு கட்டுவது, ஆகவே இந்தப் பயணத்துக்குப் பொருந்தாது. இரு புலவர்களும் பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள், பறவைகளும் வேறு. ஆனால் குமரிவரை வந்து வடக்கே திரும்புவது, இணையோடு செல்வது, வழியில் ஓர் ஊரில் செய்தி சொல்வது என்ற கட்டமைப்பு ஒன்றே. பிற்காலப் புலவர் முன்னோரைப் பின்பற்றினாரா, தாமே கண்டாரா என்று பிரிப்பது எளிதல்ல. அலகைப் பற்றிய அந்தத் துல்லியம் கண்ணால் கண்டதைத்தான் காட்டுகிறது.

கடைசி விடை, அன்னம் என்பது ஒரே இனத்தின் பெயரே இல்லை என்பது. அமரகோசம் ஹம்சத்தில் வகைகள் சொல்கிறது: அலகும் காலும் சிவந்த வெண்ணிறத்தது, மங்கியவை உடையது, கறுத்தவை உடையது. கே.என். தவே 1985-ல் வெளியான தம் நூலில் வடமொழிப் பறவைப் பெயர்களை இவ்வாறே பல இனங்களுக்குப் பகிர்ந்து பார்த்தார். தமிழிலும் நாரை, குருகு, கொக்கு ஆகிய பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துதான் வழங்குகின்றன. இந்த விடைக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். எல்லாவற்றையும் ஏற்கும் பெயர் எந்தப் பாட்டையும் விளக்காது. ஆனாலும் மீன் உண்ணும் அன்னமும் இமயம் போகும் அன்னமும் ஒரே பெயரில் சேர்ந்ததற்கு இதைவிட நியாயமான காரணம் எனக்குப் புலப்படவில்லை.

துறை எது?

பறவையை அடையாளம் காண முனைந்தவர்கள் பலரும் இடத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார்கள். குமரியை ஆறாகக் கொள்ளும் உரை மரபு உண்டு. பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே கடல்கொண்ட நிலத்தை அடியார்க்கு நல்லார் அளந்து சொல்கிறார். அதைக் குமரிக்கண்டமாக விரித்து, அன்னமும் அந்த நிலத்தோடு மறைந்தது என்று முடிப்பவர்களும் உண்டு. கடல்கோள் நினைவை மதிக்கலாம், பறவையின் மறைவுக்கு அதைச் சான்றாக்க முடியாது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, குமரியில் ஒரு துறை இருப்பதையும் துறவு பூண்டவர்கள் அங்கே நீராடுவதையும் சொல்கிறது. மணிமேகலையில் வாரணாசியிலிருந்து சாலி குமரியாட வருகிறாள். ஆகவே இன்றைய முனையை ஒட்டிய ஒரு துறை என்று கொள்வதில் தடையில்லை. அயிரை பொதுவாக ஆறு, குளங்களின் சிறுமீன். பாறைக் கரையில் அலை மோதும் முனையைவிட, பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிப் பக்கமோ அதன் மேல்புறத்துக் குளங்களோ இந்தக் காட்சிக்குப் பொருத்தம். ஆற்றின் போக்கும் கழிமுகமும் 2,000 ஆண்டுகளில் மாறியிருக்கும், அதனால் இதை ஊகத்துக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது.

அந்தக் குளங்கள் இன்றும் பறவைகளுக்கு உரியவையாகவே இருக்கின்றன. கவிமணி 1876-ல் பிறந்த தேரூரின் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த 94.23 ஹெக்டேர் நீர்நிலைத் தொகுதி 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வேம்பனூரும் அதே ஆண்டில் சேர்ந்தது. நடு ஆசிய வலசைப் பாதையில் இந்தியப் பெருநிலத்தின் தென்முனை இது.

ஊர் வழக்கில் அன்னம்

நாட்டார் நம்பிக்கையில் பறவைகளுக்குக் குறைவில்லை. ஆந்தையின் அலறலை எண்ணிப் பலன் சொல்வது தமிழகம் எங்கும் உள்ளது. தென்திருவிதாங்கூர் வழக்கில் செம்பருந்து கிருஷ்ணப்பருந்து, கண்டால் கும்பிடுவார்கள். பஞ்சபட்சி சாத்திரத்தில் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் ஐந்தும் மனிதரின் நாளை ஆள்கின்றன. அந்த ஐந்தில் அன்னம் இல்லை. சகுனம் தினமும் கண்ணில் படும் பறவையை நாடுகிறது. அன்னமோ வாகனத்திலும் விளக்கிலும் நகையிலும் கதையிலும் வாழ்கிறது. சுசீந்திரத்தில் தாணுமாலயனின் ஒரு கூறாகிய அயனுக்கு அது ஊர்தி. ஆண்டில் சில மாதங்கள் வந்து மறையும் பறவைக்கு இப்படியொரு இடம் கிடைத்தது இயல்பே.

வந்து மறைவது எங்கும் கதையை வளர்த்திருக்கிறது. அலெக்சாந்திரியாவில் தோன்றியதாகக் கருதப்படும் கிரேக்க ‘பிசியோலோகஸ்’ நூலை வேராகக் கொண்டு 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பெருகிய விலங்குக் கதைநூல்கள், ஒவ்வொரு பறவைக்கும் ஒரு சமய நீதி வைத்தன. குளிர்காலத்தில் வந்து கோடையில் காணாமல் போகும் ஒருவகை வாத்துக்குக் கூடே யாரும் கண்டதில்லை. கடலில் மிதக்கும் மரத்தில் ஒட்டிய சிப்பியிலிருந்து அது பிறக்கிறது என்று 12-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதினார். 13-ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரடெரிக் அந்தச் சிப்பிகளை வரவழைத்துப் பார்த்து, பறவையின் சாயல்கூட இல்லை, கூடு தொலைவில் இருக்கலாம் என்றார். 1596-ல் வில்லெம் பாரென்ட்ஸின் மாலுமிகள் வடதுருவத் தீவில் அத்தகைய வாத்துகளை முட்டைகளோடு கண்டார்கள். பரணரின் பாட்டு குஞ்சுகளை மரத்திலோ சிப்பியிலோ வைக்காமல் வடக்கே உயர்ந்த மலையில் வைத்தது. அதைத் தமிழரின் தனிக் கண்டுபிடிப்பு என்று உடனே பெருமை கொள்ளவும் முடியாது. இமயமும் மானசமும் வடமொழி மரபில் ஏற்கெனவே ஹம்சத்தின் இருப்பிடங்கள்.

தீராதவை

இதுவரை கிடைத்த சான்றுகளை வைத்துச் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். குமரித் துறை அன்னம் ஸ்வான் அல்ல. பால் பிரிக்கும் திறமை அதன்மேல் பிற்காலத்தில் ஏறியது. பயணத்தைப் பொறுத்தமட்டில் வரித்தலை வாத்துக்கு மற்ற எதையும்விட வலுவான உரிமை உண்டு. இரையைப் பொறுத்தமட்டில் அந்த உரிமை தளர்கிறது.

வடக்குப் பயணம் பற்றிய அறிவு எங்கிருந்து வந்தது என்பது திறந்தே இருக்கிறது. கரையில் இருந்தவர்கள் ஆண்டுதோறும் பறவைகள் எந்தத் திசையில் போகின்றன என்று கவனித்திருக்கலாம். வடக்கிலிருந்து நீராட வந்தவர்கள் அங்கே கோடையில் அவற்றைக் கண்டதாகச் சொல்லியிருக்கலாம். இலக்கிய மரபாகவும் வந்திருக்கலாம். மூன்றும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. வேதாந்த தேசிகரின் ஹம்ச சந்தேசத்தில் இராமன் இலங்கைக்கு ஹம்சத்தைத் தூதனுப்புவது சரத் காலத்தில், அதாவது பறவைகள் தெற்கே வரும் பருவத்தில். பிசிராந்தையார் பருவத்தைச் சொல்லவில்லை. சங்கப் பாடல்களில் அன்னம் வரும் இடங்களைத் திணை, பொழுது, திசை, இரை என்று பிரித்துத் தொகுத்தால், அந்தப் பெயருக்குள் ஒரு பறவை இருக்கிறதா மூன்று இருக்கின்றனவா என்பது இன்னும் தெளிவாகலாம். அகழாய்வில் கிடைக்கும் பறவை எலும்புகளை இனம் பிரித்துப் பார்ப்பதும் உதவும். தேரூரிலும் மணக்குடியிலும் ஆண்டுதோறும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பை இலக்கியம் படித்தவர்களும் சேர்ந்து பார்த்தால், அயிரையைத் தேடி ஆழமில்லா நீரில் இறங்கும் வலசைப் பறவைகள் எவை என்ற பட்டியலாவது நம் கையில் இருக்கும்.